ஆறரை மணிக்கு மூடியிருந்த பெட்டி

நடந்தவை, வரிசையாக:

1. மன்னியின் தம்பி லண்டனுக்குப் படிக்கப் போனான். கப்பலேறி மூன்று வருடமாகியும் வீட்டில் யாரும் அவன் குரலைக் கேட்கவில்லை.
2. அங்கிருந்து சிற்றலையில் வரும் தமிழ் நிகழ்ச்சியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் தான் எழுதியதை வாசிக்கப் போவதாகக் கடிதம் போட்டான்.
3. கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு பாட்டரி ரேடியோ வாங்கினேன்.
4. அந்த ஞாயிறு அதைக் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்கு எடுத்துப் போனோம்.
5. நான் கணக்கிட்ட நேரம் வரும்வரை பெட்டியைத் திறக்கவில்லை.
6. நான் கணக்கிட்ட நேரம் தப்பு.
7. கேட்டோம் என்று மன்னி தம்பிக்கு எழுதிவிட்டாள்.

முதல் ஆறும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. ஏழாவதை எழுத அதில் இடமில்லை.

குறிப்பேடு என்று நான் சொல்வது நீள வாக்கில் கோடு போட்ட ஒரு தடி நோட்டு. இயற்பியல் படித்து, பெங்களூரில் ஒரு வருடம் ரேடியோப் பயிற்சியும் முடித்து, மைசூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத் தொடங்கினேன். சுதந்திரம் வந்து இன்னும் பத்து வருடம்கூட ஆகவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. மாணவிகள் போன பிறகு, காவல்காரர் சாவிக்கொத்தோடு வரும்வரை, அரை மணி நேரம் அதன் முன் உட்காருவேன். நோட்டில் ஆறு பத்திகள்: தேதி, கிரீன்விச் நேரம், எத்தனை மீட்டரில், எவ்வளவு பலமாக, என்ன கேட்டது, நிலையம் இன்னதென்று எப்படித் தெரிந்தது.

ஆறாவது பத்திக்கு ஒரு விதி வைத்திருந்தேன். நிலையத்தின் பெயரை அறிவிப்பாளர் சொல்லி நான் காதால் கேட்டிருக்க வேண்டும். ஊகம் கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எந்த ஊரானாலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். கேட்டதை எழுதி நிலையத்துக்கு அனுப்பினால் அவர்கள் சரிபார்த்து, ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். என்னிடம் பதினோரு அட்டைகள் இருந்தன. ஒன்றில் பனிமலை, ஒன்றில் ஒட்டகம், ஒன்றில் வெறும் கோபுரம்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் என் பத்திகள் போதாது. முள்ளை ஒரு நூலிழை நகர்த்தினால் எங்கோ தேவாலய மணி அடிக்கும். இன்னொரு நூலிழையில் ஒரு பெண் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் இருமுறை சொல்லி, எனக்குத் தெரியாத ஒரு மொழியை யாருக்கோ கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பாள். நீண்ட வீட்டின் கூடத்தில் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு அறைக்கு அறை நடப்பதுபோல், குரல் பக்கத்தில் வந்து பிரகாசமாகும், பிறகு தள்ளிப் போய் மங்கும். திரும்பி வருமா என்று தெரியாது. பெரும்பாலும் வரும். ஜன்னலுக்கு வெளியே பன்னீர்ப் பூ உதிர்ந்துகொண்டிருக்கும். நான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போது அவ்வளவு முக்கியமாகத் தோன்றாது.

மன்னி ஒருநாள் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் என்னை அழைத்துப் போக அங்கே வந்தாள். என் அண்ணாவின் மனைவி. என்னைவிட நான்கு வயது பெரியவள். மேல்கோட்டையில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். கடலைப் பார்த்ததில்லை. நான் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"இது என்னடி சத்தம்?"

"ரெண்டு நிலையத்துக்கு நடுவுல ஒண்ணுமில்லாத எடம் மன்னி."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு சத்தம்? கப்பல்ல ராத்திரி படுத்துண்டா இப்படித்தான் கேக்கறதுன்னு தம்பி எழுதியிருந்தான். கொஞ்சம் அப்படியே வை."

வைத்தேன். நின்றபடியே கேட்டாள். அன்றிலிருந்து அந்த இரைச்சலுக்கு எங்கள் வீட்டில் கடல் என்று பெயர்.

தம்பியின் கடிதம் ஆனி மாதம் வந்தது. புதிதாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கால் மணி நேரம் தொடங்குகிறார்கள், முதலாவதே என்னுடையது, ஆடி மூன்றாம் ஞாயிறு, இரண்டு மணிக்கு, எப்படியாவது கேள் அக்கா என்று எழுதியிருந்தான். மன்னி அதை அடுப்படியில் நின்று இரண்டு முறை படித்தாள். தாயில்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அவள்தான்.

"மூஞ்சி ஞாபகம் இருக்குடி. ஃபோட்டோ இருக்கு. குரல்தான் போயிண்டே இருக்கு. தளிகை பண்றச்சே நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். அவன் 'அக்கா'ன்னு கூப்பிடறது வரமாட்டேங்கறது. வேற யாரோ கூப்பிடறாப்பல வர்றது."

எங்கள் வீடு அக்ரஹாரத்தில். பின்சந்தில் மாவு மில். சாயங்காலம் அதன் மோட்டார் ஓடத் தொடங்கினால் சிற்றலை முழுக்க ஒரே 'பர்ர்'தான், கடல்கூடக் கேட்காது. ஞாயிறு சாயங்காலம் மில்லில் கூட்டம் அதிகம். ஆய்வுக்கூடம் ஞாயிறு பூட்டியிருக்கும். ஆக ரேடியோ வேண்டும், அதுவும் மில்லை விட்டுத் தூரமாகத் தூக்கிப் போகிற ரேடியோ. எனக்கும் நெடுநாளாக அந்த ஆசை இருந்தது, காரணம்தான் இல்லாமல் இருந்தது.

மண்டி மொஹல்லாவில் ரேடியோ விற்பவரும் பழுது பார்ப்பவருமான ஒருவர் இருந்தார். கொள்ளேகால் பக்கத்துக்காரர். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

முதலாவது, தேக்குப் பெட்டி. சத்தம் கம்பீரம். தூக்கினால் தோள் இறங்கியது.

இரண்டாவது, சீமாட்டிகளின் கைப்பை மாதிரி மூடியும் பிடியும் வைத்தது, தந்த நிறம். அதில் ஒரே ஒரு சிற்றலைப் பட்டை. உலகத்து நிலையங்களையெல்லாம் ஒரு விரற்கடைக்குள் அடைத்திருந்தார்கள். லண்டனைத் தொட்டால் பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து பேசினார்கள்.

மூன்றாவது, பச்சைக் கான்வாஸ் ஒட்டியது, மூடியைத் திறந்தால் ஓடுவது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு காப்பித் தோட்டக்காரர் விற்றுவிட்டுப் போனது. டயல் கண்ணாடியில் மூலையில் விரிசல். ஆனால் சிற்றலைக்கு மூன்று பட்டைகள், இடம் விட்டு இடம் விட்டு.

கடைக்காரர் கைப்பையை என் பக்கம் நகர்த்தினார். நான் பச்சைப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். கொழும்பைப் பிடித்து, முள்ளைத் தாண்டிப் போய், திரும்ப வந்து, அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. முள்ளை இழுக்கிற நூல் வழுக்கவில்லை. கையைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தேன். நிலையம் நகரவில்லை.

"இப்ப கால் மணி நேரம் இப்படியே விடுங்க. சூடானப்புறம் தள்ளிப் போறதான்னு பாக்கணும்."

"ஏனுங்க அம்மிணி, ரேடியோப் பொட்டி பாக்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான். சூடானப்புறம் எப்படின்னு தெரியணும்."

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களாச்சும் பத்து நிமிசத்துல பஜ்ஜியத் தின்னுபோட்டு எந்திரிச்சுருவாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

கால் மணி நேரத்தில் கொழும்பு ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

ஒரே குறை, பாட்டரி. வால்வுகள் உள்ள பெட்டி அது. செங்கல் அளவுக்கு ஒரு தொண்ணூறு வோல்ட் பாட்டரி வேண்டும். மைசூரில் கிடைக்காது, பெங்களூரிலிருந்து ரயிலில் வரவழைக்க வேண்டும். உள்ளே இருந்தது பாதி தீர்ந்தது. "சிக்கனமாப் போடுங்க, அவ்வளவுதானுங்க" என்றார். அந்த வார்த்தையை நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டேன். தபாலாபீசில் ரேடியோ உரிமம் வாங்கும்போது குமாஸ்தா வீட்டுத் தலைவர் பெயர் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். அண்ணாவுக்கு அது ஒரு வாரம் சிரிக்கப் போதுமானதாக இருந்தது.

பிறகு நேரத்தைக் கணக்கிட்டேன். இரண்டு நிமிட வேலை. லண்டனில் பகல் இரண்டு மணி. கிரீன்விச் லண்டனில்தான் இருக்கிறது. ஆகவே கிரீன்விச் நேரம் பதினான்கு மணி. ஐந்தரையைக் கூட்டினால் நமக்கு இரவு ஏழரை. புதிய நிகழ்ச்சி என்பதால் நிலையத்தின் அச்சிட்ட நிரல் இன்னும் வந்து சேரவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை. நோட்டில் 14.00 என்று எழுதியபோது என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது. பிறகு பார்த்தபோது அதைத்தான் முதலில் கவனித்தேன்.

அந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. நானும் மன்னியும் அண்ணாவும் ஜட்கா பிடித்து ஏரிக்கரைக்குப் போனோம். ஆறு மணிக்கே போய்விட்டோம். கரையில் ஜமக்காளம் விரித்து, நடுவில் பச்சைப் பெட்டியை வைத்து, மன்னி அதற்கு ஒரு துண்டு போர்த்தினாள், ஈரக் காற்றுக்கு. அண்ணா செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தான்.

"ரேடியோவுக்குக் காத்து வாங்கித் தர்றதுக்கு ஒரு ஜட்கா. இன்னும் ஒரு விசிறியும் எடுத்துண்டு வந்திருக்கலாம்."

"நீ தூங்கு அண்ணா."

நீரின் மேல் மேகம் கிடந்தது. நீர்க்காகங்கள் ஒவ்வொன்றாக வந்து தீவிலுள்ள மரத்தில் அமர்ந்தன. அக்கரை மரங்கள் நிறம் இழந்து வெறும் உருவங்களாகிக்கொண்டிருந்தன. மன்னி இலைப் பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை கொடுத்தாள். தம்பியைப் பற்றிப் பேசினாள். மேல்கோட்டைக் கல்யாணிக் குளத்தில் எட்டுப் படி தாண்டிக் குதித்தது, பரீட்சைக்கு இரண்டு பேனா கொண்டுபோய் இரண்டையும் வைத்துவிட்டு வந்தது. பேச்சின் நடுவில் பெட்டியைப் பார்த்தாள்.

"இப்பவே போட்டுப் பாக்கலாமாடி?"

"வேண்டாம் மன்னி. இன்னும் நாழி இருக்கு. பாட்டரி போயிடும்."

"அவன் எதுக்கும் முன்னாடியே போயிடுவான்டி. ரயிலுக்குன்னா ஒரு மணி முன்னாடி ஸ்டேஷன்ல உக்காந்திருப்பான்."

"லண்டன்ல அவன் இஷ்டத்துக்கு விடமாட்டா. நொடி பிசகாது."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு முப்பத்தைந்து. இதை நினைவிலிருந்து எழுதவில்லை. நேரம் பார்த்தால் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

ஏழேகாலுக்குத் துண்டை எடுத்தேன். ஏழு இருபத்தைந்துக்குப் பெட்டியைத் திறந்தேன். பத்தொன்பது மீட்டரில் லண்டன் கண்ணாடிபோல் வந்தது. ஒருவர் ஆங்கிலத்தில் கிரிக்கெட்டைப் பற்றி அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். ஏழரைக்கும் அவரே பேசினார். பதினாறு மீட்டருக்குப் போனேன். இருபத்தைந்து, முப்பத்தொன்று. மணிகள், யாரோ சிரிப்பது, கடல், மீண்டும் கிரிக்கெட். மன்னி பெட்டியின் மேல் குனிந்து காதை வைத்திருந்தாள். இருட்டில் டயல் விளக்கு அவள் கன்னத்தில் மட்டும் பட்டது.

அண்ணா எழுந்து உட்கார்ந்தான். "ஆச்சா? என்ன சொன்னான்?"

முக்கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் பாட்டரி தளர்ந்து எல்லாக் குரல்களும் ஒரே தூரத்துக்குப் போய்விட்டன. "சாகு தாயே" என்றான் அண்ணா, கன்னடத்தில், மெதுவாக. போதும் என்று. ஜட்காவில் திரும்பும்போது மன்னி பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் தம்பியின் கடிதம் வந்தது. அதில் ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன்: "கேட்டாயா அக்கா? முதல் வரியில் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டு மணிக்குப் படிக்கச் சொன்னார்கள் என்று பேர்தான், உண்மையில் அது ஒரு மணி. இங்கே கோடையில் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். என் வயிற்றுக்கு அது இன்னும் பழகவில்லை."

காகிதம் எடுக்காமலே எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது. உலகத்து நிலையங்கள் எல்லாம் கிரீன்விச் நேரத்தில் எழுதுகின்றன. நான் கிரீன்விச் நேரத்திலேயே குடியிருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் பாதி வருடம் அதில் குடியிருப்பதில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. மன்னியிடம் போய்ச் சொன்னேன். தப்பு என்னுடையது, பாட்டரியுடையதும் இல்லை, பெட்டியுடையதும் இல்லை என்று சொன்னேன்.

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறரைக்கு நாம என்ன பண்ணிண்டிருந்தோம்?"

"புளியோதரை சாப்டுண்டிருந்தோம்."

"அவனைப் பத்திப் பேசிண்டிருந்தோமோல்லியோ?"

"ஆமாம்."

"பெட்டி நடுவுல இருந்துது."

"இருந்துது மன்னி. மூடியிருந்துது."

"அப்போ அவனும் அங்கதான் இருந்திருக்கான்" என்றாள். விஞ்ஞானப்படியும் அது சரிதான். அந்தக் கால் மணி நேரம் முழுவதும் அவன் குரல் அந்த ஏரியின் மேல், எங்கள் தலைகளின் ஊடாக, இலைப் பொட்டலத்தின் ஊடாகப் போய்க்கொண்டிருந்தது. திறக்காத பெட்டிக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே அவள் பதில் எழுதினாள். கேட்டோம், நன்றாக இருந்தது, தொண்டை அடைத்தது தெரியவே இல்லை.

"கேக்காததைக் கேட்டேன்னு எழுதப்படாது மன்னி."

"அது உன் நோட்டுக்கு. இது என் தம்பிக்கு. நாக்கை ஈரம் பண்ணி அந்த ஸ்டாம்பை ஒட்டு."

ஒட்டினேன்.

அதன் பிறகு அவன் உற்சாகமாக எழுதினான். மறுபடியும் கூப்பிடுவார்கள், எந்த ஞாயிறு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள் என்றான். அச்சிட்ட நிரலும் வந்தது. பதின்மூன்று மணி, கிரீன்விச். குளிர்காலத்திலும் அதேதான், கடிகாரத்தைத் தள்ளுவது அவர்கள் பாடு. பெங்களூரிலிருந்து இரண்டு பாட்டரி வரவழைத்தேன். புரட்டாசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஏரிக்கரைக்குப் போனோம். ஐந்தரைக்கே பெட்டியைத் திறந்துவிடுவேன். நான் சிக்கனத்தைப் பற்றிப் பேசவில்லை. மன்னி அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டன, நோட்டைப் பார்த்தால்தான் பிரிக்க முடிகிறது. ஒன்றில் நல்ல நிலா. ஒன்றில் டோக்கியோவிலிருந்து குழந்தைகள் பாடினார்கள். ஒன்றில் மலைமேல் விளக்குகள் மட்டும் தெரிந்தன, மலை தெரியவில்லை. மன்னி முள்ளைத் திருப்பக் கற்றுக்கொண்டாள். என்னைவிட நன்றாகவே. நான் எண்ணைப் பார்த்துத் திருப்புவேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு, கோலமாவு விடுகிற கையால், குரல் வருகிற இடம்வரை போய் நிறுத்துவாள். நிகழ்ச்சியில் வேறு யார் யாரோ படித்தார்கள். ஒருவர் முடித்ததும் "பாவம், இவனுக்கும் ஒரு அக்கா இருப்பாளோல்லியோ" என்பாள். பிறகு கொஞ்ச நேரம் கடலை வைத்துக் கேட்டுவிட்டுக் கிளம்புவோம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. குளிர், அண்ணா வரவில்லை, ஜட்காக்காரர் தூரத்தில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். அன்று அலைகள் மோசம். ஆறரைக்கு அறிவிப்பாளர் வந்தார், "இப்போது" என்றார், மங்கிப் போனார். படிப்பவர் பெயரைக் கடல் எடுத்துக்கொண்டது. மன்னி முள்ளை அசைக்கவில்லை. விரலை அப்படியே வைத்திருந்தாள். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு நேரே எங்களிடம் நடந்து வந்ததுபோல் ஒரு குரல் பெரிதாகி வந்தது. ".....காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டைக் காணோம். தெருவையும் காணோம். பால்காரரின் பாட்டில் சத்தம் மட்டும் பனிமூட்டத்துக்குள் நடந்து போகிறது....."

"ஜலதோஷம் பிடிச்சிருக்கு அவனுக்கு" என்றாள் மன்னி.

மூன்று நிமிடமும் சில நொடிகளும் அந்தக் குரல் இருந்தது. ஏதோ ஒரு கெட்டிலைப் பற்றிச் சொன்னது. தன் வேடிக்கைக்குத் தானே லேசாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே திரும்பிக் கூடத்தின் மறுகோடிக்கு நடந்து, மங்கி, கடலாகிவிட்டது. ஏழு மணிவரை காத்திருந்தோம். வரவில்லை.

"நிச்சயமா மன்னி? பேர் சொன்னது கேக்கலையே."

"கேள்வியைப் பாரு. சளி பிடிச்சா அவனுக்கு மூக்கால பேச்சு வரும், நாலு வயசுலேந்து. கஷாயம் குடுத்தவளைக் கேக்கறா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையாலேயே டயல் கண்ணாடியின் பனியையும் துடைத்தாள். "போறும். இனிமே தளிகை பண்றச்சே வரும்."

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். ஐந்து பத்திகளை நிரப்பிவிட்டு ஆறாவதில் வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விதிப்படி அதை வெறுமையாக விட வேண்டும். இப்படி எழுதினேன்: "அறிவிப்பு கேட்கவில்லை. அக்கா அடையாளம் சொன்னாள்." நிலையத்துக்கு அந்தக் குறிப்பை அனுப்பவில்லை. ஆகவே அதற்கு அட்டை இல்லை.

இப்போதைய நிலை இது. பச்சைப் பெட்டி என்னிடம் இருக்கிறது, நான்காவது பாட்டரி ஓடுகிறது. அந்த ஞாயிறு சளியோடு படிக்க வேண்டி வந்ததாகத் தம்பி பிறகு எழுதினான். மன்னி கஷாயம் செய்முறை எழுதி அனுப்பினாள். படிப்பு முடிய அவனுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. என் நோட்டில் லண்டனுக்கு மட்டும் இப்போது இரண்டு நேரப் பத்திகள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவனிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.